அடுத்த பருவம் எந்த ஜெர்சி?

*ஓராண்டு ஒப்பந்தம், மாறிக்கொண்டே இருக்கும் கிளப், மூடப்படும் கிளப், முப்பது வயதில் எழும் கேள்வி. நட்சத்திரமாகாத தொழில்முறைக் காற்பந்து வீரரின் வாழ்க்கையைப் பற்றி ஒரு சிறப்புக் கட்டுரை.*

மாலை ஆறரை மணி. ஆங் மோ கியோ அவென்யூ 9. இயோ சூ காங் விளையாட்டரங்கின் ஓடுதளத்தில் வேலை முடிந்து வந்தவர்கள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். சற்றுத் தள்ளி, பத்து வயதுப் பையன்கள் பயிற்சிக்காகக் காத்திருக்கிறார்கள். பயிற்றுநருக்கு முப்பத்தெட்டு வயது இருக்கலாம். சிங்கப்பூரின் தொழில்முறை லீகான எஸ்.லீகில் ஆடியவர். பெஞ்சில் உட்கார்ந்து, வலது கணுக்காலில் வெள்ளைப் பட்டையைச் சுற்றுகிறார். குதிகாலுக்கு அடியில் இரண்டு சுற்று, பாதத்தின் மேல் எட்டு வடிவத்தில் ஒரு குறுக்கு, பல்லால் கடித்து ஒரு கிழி. பையன்களுக்குப் பந்தை உருட்டிக் காட்டுவதற்குக்கூட அவருக்கு அந்தப் பட்டை வேண்டியிருக்கிறது.

ஒரு தகப்பனார் அருகே வருகிறார்.

"தம்பி, பையன் நல்லா ஆடுறான்னு சொல்றீங்க. ஆனா தேசியக் குழு கோல்கீப்பரே நாசி லெமாக் கடை வச்சுத்தானே பொழைக்கிறாரு?"

"கடையும் வச்சிருக்காரு அண்ணே. நாப்பது வயசுல தேசியக் குழுவுக்கும் நின்னாரு."

தகப்பனார் தலையை ஆட்டுகிறார். அது சம்மதம் இல்லை.

அவர் சொன்ன கோல்கீப்பர் ஹசன் சன்னி. 2024 ஜூன் 11 அன்று பேங்காக்கில் உலகக் கிண்ணத் தகுதிச்சுற்று ஆட்டம். அடுத்த சுற்றுக்குப் போக தாய்லாந்து மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றாக வேண்டும். 40 வயது ஹசன் பந்துகளைத் தடுத்துக்கொண்டே இருந்தார். தாய்லாந்தால் 3-1 என்றுதான் வெல்ல முடிந்தது. அதனால் அதே பிரிவில் இருந்த சீனா அடுத்த சுற்றுக்குள் நுழைந்தது. மறுநாளிலிருந்து தெம்பனிஸில் அவர் குடும்பம் நடத்திவந்த உணவுக்கடைக்குச் சீன ரசிகர்கள் திரண்டுவந்தார்கள். கடையின் கியூஆர் குறியீட்டைப் படமெடுத்து இணையத்தில் போட, சீனாவிலிருந்தே பணம் அனுப்பத் தொடங்கினார்கள். பணம் அனுப்ப வேண்டாம் என்று ஹசனே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஊரே சிரித்து மகிழ்ந்த செய்தி அது. ஆனால் பல பெற்றோர் மனத்தில் அது வேறு விதமாகத் தங்கிவிட்டது. நாட்டுக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்கே இன்னொரு பிழைப்பு தேவை என்றால், நம் பையன் கதி என்ன? கேள்வி நியாயமானது. கடை வைத்தது தோல்வி என்ற எண்ணம்தான் தவறு. கையில் தெம்பு இருக்கும்போதே அடுத்த வேலையைப் பார்த்துக்கொண்டவர் ஹசன். அப்படிப் பார்த்துக்கொள்ள முடியாமல் போனவர்களைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

டிசம்பர் மாதத்துப் பயம்

எஸ்.லீக் 1996 ஏப்ரலில் எட்டு கிளப்புகளோடு தொடங்கியது. அதற்கு முன் சிங்கப்பூர் ஒரே குழுவாக மலேசியக் கிண்ணத்தில் ஆடியது. 1994இல் ஷா ஆலமில் பஹாங்கை 4-0 என்று வென்று கிண்ணத்தைக் கொண்டுவந்த சில மாதங்களிலேயே, மலேசியச் சங்கத்தோடு நுழைவுச்சீட்டு வருமானத் தகராறு முற்றி வெளியேறியது. சொந்த லீக் வந்ததும் நூற்றுக்கணக்கான இளைஞர்களுக்குப் பந்தாட்டம் முழுநேர வேலையானது. உச்சத்தில் பன்னிரண்டு கிளப்புகள் இருந்தன.

வேலை என்றால் என்ன மாதிரி வேலை? பெரும்பாலும் ஒரு பருவத்துக்கான ஒப்பந்தம். நீண்ட காலம் லீக் நவம்பர் வாக்கில் முடிந்தது. பருவம் முடிந்ததும் தொலைபேசி மணிக்காகக் காத்திருக்க வேண்டும். கிளப் மேலாளர் அழைத்தால் புதுப்பிப்பு. அழைக்காவிட்டால் வேறு கிளப்பின் முயற்சியாட்டத்துக்குப் போய், பதினெட்டு வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று மீண்டும் தன்னை நிரூபிக்க வேண்டும். சம்பளம் நிற்கும் மாதத்தில் மத்திய சேம நிதிக்கான பங்கும் நிற்கும். ஊழியர் 20 விழுக்காடு, முதலாளி 17 விழுக்காடு என்று சேரும் அந்தப் பணத்திலிருந்துதான் இந்த நாட்டில் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்கு மாதத் தவணை கட்டுகிறார்கள். பதினொரு மாதச் சம்பளத்தில் பன்னிரண்டு மாதத் தவணை கட்டிய குடும்பத்தின் டிசம்பர் எப்படியிருந்தது என்பதை நாம் யோசித்ததே இல்லை.

2018இல் லீக் 'சிங்கப்பூர் பிரிமியர் லீக்' என்று பெயர் மாறியபோது, 23 வயதுக்குட்பட்ட மூவர் தொடக்க அணியில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதியும் வந்தது. இளையருக்கு அது நல்ல வாய்ப்பு. அந்தச் சுமையைத் தாங்கியவர்களோ இருபதுகளின் கடைசியில் இருந்த, தேசியக் குழுவுக்கு எட்டாத, ஆனால் வாரந்தோறும் ஒழுங்காக ஆடிக்கொடுத்த வீரர்கள். பெஞ்சில் உட்கார்ந்த பருவம் அடுத்த ஒப்பந்தத்தின் தொகையைக் குறைக்கும். இரண்டு பருவம் அப்படிப் போனால் ஒப்பந்தமே இருக்காது.

┌──────────────
பெட்டிச் செய்தி: உலகெங்கும் இதே கதை
தொழில்முறை வீரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016இல் வெளியிட்ட ஆய்வு, 54 நாடுகளைச் சேர்ந்த சுமார் 14,000 வீரர்களிடம் கேட்டறிந்தது. 45 விழுக்காட்டினரின் மாதச் சம்பளம் 1,000 அமெரிக்க டாலருக்கும் குறைவு. முந்திய இரண்டு பருவங்களில் சம்பளம் தாமதமானதாகச் சொன்னவர்கள் 41 விழுக்காடு. சராசரி ஒப்பந்தக் காலம் இரண்டு ஆண்டுகூட இல்லை.
└──────────────

பாசல் போய் வந்த சுந்தரமூர்த்தி

நம்மவர்களில் இந்த அலைச்சலை அழகாக ஆடிக் காட்டியவர் வி. சுந்தரமூர்த்தி. 1965இல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே தேசியக் குழு. பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு தற்காப்பாளர்களைச் சுற்றவிடும் வித்தையால் 'டேஸ்லர்' என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். 1993இல் கல்லாங் தேசிய அரங்கில் புருணைக்கு எதிராக அந்தரத்தில் மல்லாந்து அடித்த கோலை இன்றும் காப்பிக்கடையில் எழுந்து நின்று நடித்துக் காட்டும் அண்ணன்மார்கள் இருக்கிறார்கள்.

ஃபாண்டி அகமது நெதர்லாந்தின் குரோனிங்கனில் ஆடித் திரும்பியபின், ஐரோப்பாவின் கதவைத் தட்டியவர் சுந்தரமூர்த்தி. 1980களின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப். அப்போது அந்தக் கிளப் இரண்டாம் நிலை லீகுக்கு இறங்கியிருந்தது. அவர் அங்கே நிலைக்கவில்லை. அவருடைய பெயரும் காலமும் மலேசியாவின் கெடாவிலும், சிங்கப்பூர்க் குழுவிலும், பிறகு எஸ்.லீகின் ஜூரோங் கிளப்பிலும் போயின. ஐரோப்பாவில் நிலைக்காததை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. முகவர்களும் காணொளித் தொகுப்புகளும் பெருகாத காலத்தில், ஆசியாவிலிருந்து போன ஒரு தமிழ் இளைஞர் ஐரோப்பிய கிளப் ஒன்றின் உடைமாற்றும் அறைக்குள் தன் காலணியை எடுத்து வைத்தார் என்பதே பெரிய விஷயம்.

அவருடைய இரண்டாம் வாழ்க்கையும் அதே பாதைதான். பயிற்றுநராக ஜூரோங், லயன்ஸ்XII (பன்னிரண்டு), நெகிரி செம்பிலான், தெம்பனிஸ் ரோவர்ஸ் என்று மாறிமாறி வேலை. மலேசிய லீகில் ஆடிய சிங்கப்பூர்க் குழுவான லயன்ஸ்XII 2013இல் மலேசிய சூப்பர் லீகை வென்றது அவருடைய பயிற்சியில்தான். 2016 முதல் 2018 வரை தேசியக் குழுவும் அவர் கையில் இருந்தது. முடிவுகள் சரியில்லாதபோது பதவி போயிற்று. பயிற்றுநருக்கும் ஒப்பந்தம் அவ்வளவுதான்.

ஆர். சசிகுமாரின் கதை வேறு மாதிரி. 1998 செப்டம்பர் 5, ஹனோய். தென்கிழக்காசிய நாடுகளுக்கான டைகர் கிண்ண இறுதியாட்டம். சொந்த மண்ணில் வியட்நாமை வெல்ல முடியாது என்று எல்லாரும் எழுதிவைத்திருந்தார்கள். 70ஆவது நிமிடத்தில் கோல்முன் நடந்த நெருக்கடியில் பந்து சசிகுமாரின் உடம்பில் பட்டு உள்ளே உருண்டது. 1-0. சிங்கப்பூரின் முதல் அனைத்துலகக் கிண்ணம். 23 வயதில் நாட்டின் வரலாற்றில் இடம்பிடித்தவர். ஆனாலும் அந்த ஒரு கோல் ஆயுளுக்கும் சோறு போடாது என்பதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். ஆட்டத்தை விட்டபின் ரெட் கார்டு என்ற விளையாட்டுச் சந்தைப்படுத்தல் நிறுவனத்தைத் தொடங்கினார். கிண்ணம் வென்றவர்கள் எல்லாருக்கும் அந்தச் சாமர்த்தியமும் முதலும் வாய்த்துவிடாது.

எதிர்த்திசையில் எஸ். சுப்பிரமணி. ஹோம் யுனைடெட்டின் தற்காப்பில் ஆண்டுக்கணக்கில் நின்றவர். 2004, 2007 ஆகிய இரு வட்டாரக் கிண்ணங்களை வென்ற தேசியக் குழுக்களிலும் இருந்தவர். ஒரே கிளப்பில் வேரூன்றுவது இந்த லீகில் எவ்வளவு அபூர்வம் என்பதற்கு அவர் பெயரைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.

நாற்பத்து நான்கு வயது வரை ஒருவர்

நாடோடி ஆட்டக்காரர் என்ற பெயருக்கு முழுத் தகுதியுடையவர் அலெக்ஸாண்டர் ஜூரிச்தான். போஸ்னியாவின் டோபோயில் 1970இல் பிறந்தார். போர் மூண்டபோது ஹங்கேரிக்குப் போய்ச் சேர்ந்தவர், 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் புதிய நாடான போஸ்னியாவுக்காகச் சிறுபடகு செலுத்தினார். போரில் தாயைப் பறிகொடுத்தார். பந்துதான் பிழைப்பு என்று ஆஸ்திரேலியாவில் கிளப் கிளப்பாக மாறி, 1999இல் தஞ்சோங் பகார் யுனைடெட்டுக்காகச் சிங்கப்பூரில் இறங்கினார். வயது 28. அந்த வயதில் இங்கே பலர் ஓய்வைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

ஜூரிச் அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டு ஆடினார். 2007இல் குடியுரிமை பெற்று, அதே ஆண்டு தஜிகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் தேசிய ஆட்டத்திலேயே இரண்டு கோல் போட்டார். அப்போது வயது 37. பிறகு தேசியக் குழுவுக்கு ஆட்டத்தலைவராகவும் இருந்தார். அவருடைய ரகசியம் எளிமையானது: சாப்பாட்டில் கட்டுப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், யாரும் பார்க்காதபோதும் ஓட்டம். நம் வீரர்களில் எத்தனை பேருக்கு இதே உழைப்பு இருந்தும், முப்பது வயதானதும் 'வயதாகிவிட்டது' என்ற ஒரே சொல்லில் கதவு சாத்தப்பட்டது என்று நினைத்தால் மனம் வலிக்கிறது. ஜூரிச்சுக்குக் கிளப்புகள் கொடுத்த காலத்தை உள்ளூர்க்காரருக்கும் கொடுத்திருக்கலாம்.

┌──────────────
பெட்டிச் செய்தி: ஜூரிச் போட்ட ஜெர்சிகள்
சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் யுனைடெட், ஹோம் யுனைடெட், கேலாங் யுனைடெட், ஆயுதப்படை கிளப், தெம்பனிஸ் ரோவர்ஸ் என ஐந்து கிளப்புகள்.
லீக் பட்டங்கள் எட்டு: கேலாங்கோடு 2001, ஆயுதப்படையோடு 2006 முதல் 2009 வரை நான்கு, தெம்பனிஸோடு 2011 முதல் 2013 வரை மூன்று.
ஓய்வு: 2014 அக்டோபர், 44 வயதில்.
└──────────────

கிளப்பே இல்லாமல் போனால்

ஃபாரர் பார்க் பக்கம், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில், டிர்விட் சாலையில் ஜாலான் புசார் விளையாட்டரங்கம் இருக்கிறது. 1929இல் திறக்கப்பட்டது. சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் அலுவலகமும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் காய்கறி வாங்கிவிட்டு அப்படியே ஆட்டம் பார்க்கப் போன குடும்பங்கள் ஒரு காலத்தில் உண்டு. அந்த அரங்கில் ஆடிய பல கிளப்புகளின் பெயர் இப்போது அட்டவணையில் இல்லை.

ஜூரோங்கும் செம்பவாங் ரேஞ்சர்ஸும் 2003 பருவத்தோடு போயின. தஞ்சோங் பகார் 2004இல் நின்று, 2011இல் திரும்பி, 2014இல் மறுபடி நின்றது. உட்லண்ட்ஸ் வெல்லிங்டன் ஹவ்காங் யுனைடெட்டோடு இணைக்கப்பட்டது. இரண்டு கிளப் ஒன்றானால் இரண்டு அணியின் வீரர்களுக்கும் இடமிருக்காது. மலேசிய லீகில் ஆடும் அனுமதியை மலேசியா புதுப்பிக்காததால் 2015 நவம்பரில் லயன்ஸ்XII குழு கலைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் கிளந்தானை வென்று மலேசிய எஃப்ஏ கிண்ணத்தைத் தூக்கிய குழு அது. மது மோகனா போன்ற தற்காப்பாளர்கள் உட்பட ஓர் அணியே ஒரே நேரத்தில் வேலை தேடியது. மற்ற கிளப்புகள் அடுத்த பருவத்துக்கான பட்டியலை முடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அத்தனை பேர் சந்தையில் நிற்கும்போது பேரம் பேசும் பலம் வீரர் பக்கம் இருக்காது.

எல்லாவற்றிலும் கசப்பானது வாரியர்ஸ் கிளப்பின் முடிவு. ஆயுதப்படை கிளப்பாகத் தொடங்கி ஒன்பது முறை லீகை வென்றது. சம்பளப் பாக்கி விவகாரம் 2019இல் வெடித்தது. மனிதவள அமைச்சு தலையிட்டது. 2020 முதல் அந்தக் கிளப் லீகில் இல்லை. மாதச் சம்பளம் வராதபோதும் பயிற்சிக்கு நேரத்துக்கு வந்து நின்ற வீரர்கள், தொண்டூழியர்கள் அல்லர், தொழிலாளர்கள்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சில கிளப்புகளின் பெட்டியை நிரப்பியது நுழைவுச்சீட்டு அல்ல, உறுப்பினர் மன்றங்களில் வைத்திருந்த ஜாக்பாட் இயந்திரங்கள். 2017இல் அரசாங்கம் அந்த இயந்திரங்களுக்கான விதிகளை இறுக்கியது. இறுக்கியது சரிதான். ஆனால் மாற்று வருமானத்துக்கு வழி செய்யாமல் விட்டதன் விலையைக் கடைசிப் படியில் நின்ற வீரரே கொடுத்தார்.

எல்லை தாண்டினால்

ஜோகூர் பாலத்தைத் தாண்டினால் சம்பளம் கூடும் என்பது பழைய நம்பிக்கை. பல வேளைகளில் அது உண்மையும்கூட. ஹவ்காங் யுனைடெட்டில் ஆடிய அனுமந்தன் குமார் கெடாவுக்குப் போனார், லயன் சிட்டி செய்லர்ஸுக்கும் ஆடினார். ஆனால் மலேசிய லீகில் சம்பளப் பாக்கி பல கிளப்புகளை விடாத நோய். வெளியூரில் வாடகை வீடு, மனைவி மக்கள் இங்கே, மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த இடத்தில்தான் தரகர்கள் வந்து நிற்கிறார்கள். ஆட்ட நிர்ணயச் சூதாட்டத்தில் உலகெங்கும் பெயர் அடிபட்ட சிங்கப்பூர்க்காரர் வில்சன் ராஜ் பெருமாள் 2011 பிப்ரவரியில் பின்லாந்தில் பிடிபட்டார். அவர் பணம் கொடுத்து வளைத்தவர்கள் அந்நாட்டின் ரோவனியேமி நகரக் கிளப்பில் ஆடிய ஜாம்பிய, ஜார்ஜிய வீரர்கள். வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, குளிரில், குறைந்த சம்பளத்தில் ஆடியவர்கள். குற்றம் குற்றம்தான். இங்கேயும் லீக் வீரர்களைப் பொய் கண்டறியும் கருவியின் முன் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார்கள். சம்பளத்தை ஒழுங்காகக் கொடுப்பது அதைவிட நல்ல காவல் என்று நான் நம்புகிறேன்.

பதினெட்டு வயதில் இரண்டு ஆண்டு

ஐரோப்பாவில் ஒருவர் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும் வயதில், நம் பையன் இரண்டு ஆண்டுக் கட்டாயத் தேசிய சேவையில் இருப்பான். 2018இல் இங்கிலாந்தின் ஃபுல்ஹம் கிளப்போடு ஒப்பந்தம் போட்ட பென் டேவிஸ் சேவையை ஒத்திவைக்கக் கேட்டபோது தற்காப்பு அமைச்சு மறுத்தது. நாடு முழுக்க விவாதம் நடந்தது. நாட்டின் பாதுகாப்பு எல்லாருக்கும் பொது, அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்த விவாதம் ஃபுல்ஹம் வரை போன ஒருவரைப் பற்றியே இருந்தது. உள்ளூர் கிளப்பில் இடம் கிடைக்குமா என்று ஊசலாடும் சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த இரண்டு ஆண்டு இன்னும் பெரிய இழப்பு. சேவை முடிந்து வரும்போது வயது இருபதைத் தாண்டியிருக்கும், உடல் வேறு ஒழுங்குக்குப் பழகியிருக்கும், கிளப்பில் வேறு ஆள் வந்திருப்பார். சேவைக் காலத்தில் வாரம் இத்தனை மணி நேரப் பயிற்சி என்று கிளப்பும் படைப்பிரிவும் எழுத்தில் உடன்பட்டால்கூடப் பலருடைய வாழ்க்கை தப்பும்.

பக்கத்து வீட்டுச் செல்வம்

ஆங் மோ கியோவுக்கு அடுத்த பீஷானில் இப்போது வேறு உலகம். 2020இல் ஹோம் யுனைடெட்டைத் தனியார் நிறுவனமான சீ குழுமம் எடுத்து, லயன் சிட்டி செய்லர்ஸ் என்று பெயர் மாற்றியது. மறு ஆண்டே பிரேசில் வீரர் டியேகோ லோப்பஸை வாங்கி இந்த லீக் காணாத தொகையைக் கொடுத்தது. 2025 மே 18 அன்று பீஷான் அரங்கிலேயே ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2 இறுதியாட்டத்தில் ஆடியது. ஷார்ஜாவிடம் 2-1 என்று கடைசி நேரத்தில் தோற்றாலும், ஒரு சிங்கப்பூர் கிளப் அவ்வளவு தூரம் போனது பெருமை. அன்று அரங்கம் எழுப்பிய சத்தம் பழைய கல்லாங் நாள்களை நினைவூட்டியது.

வளர்ச்சியை வரவேற்கிறேன். அதே சமயம், லீகில் வெளிநாட்டு வீரர்களுக்கான இடங்கள் கூடியிருக்கின்றன. நல்ல வெளிநாட்டவரோடு ஆடினால் உள்ளூர்க்காரர் தேர்ச்சி பெறுவார் என்கிறார்கள். ஆடினால்தானே? உச்சியில் இருப்பவருக்குச் சம்பளம் உயர்கிறது, இளையருக்குத் திட்டங்கள் இருக்கின்றன. நடுவில் நிற்பவர், அதாவது லீகை உண்மையில் நடத்திக்கொடுப்பவர், இரண்டு பக்கமும் நெருக்கப்படுகிறார்.

கிளப் மூடியதால் சம்பளம் இழந்த வீரர்களுக்காக ஃபிஃபாவும் ஃபிஃப்ப்ரோவும் சேர்ந்து 2020இல் 16 மில்லியன் அமெரிக்க டாலர் நிதி ஒன்றை அறிவித்தன. உலக அளவிலேயே இது தேவை என்று ஒப்புக்கொண்டாயிற்று. எட்டு, ஒன்பது கிளப் உள்ள சின்ன லீகில் இதைச் செய்வது கடினமில்லை. பருவம் தொடங்கும் முன் ஒவ்வொரு கிளப்பும் சில மாதச் சம்பளத்தைச் சங்கத்திடம் வைப்புத்தொகையாகக் கட்டட்டும். இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட உள்ளூர் வீரருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கிடைக்கட்டும். ஆடும்போதே பயிற்றுநர் உரிமத்துக்கோ, தொழில்நுட்பக் கல்விக் கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்புக்கோ நேரம் ஒதுக்குவதை ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். வீரர்கள் தனித்தனியாக மேலாளர் அறைக்குள் போகாமல், ஒரே குரலில் பேசும் வலுவான அமைப்பாக நிற்கட்டும்.

பெற்றோருக்கும் ஒன்று. பையன் ஒருநாள் கிளப்பின் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தால், 'பந்து சோறு போடுமா' என்று கேட்டு அவனை நிறுத்திவிடாதீர்கள். காகிதத்தை வாங்கிப் படியுங்கள். எத்தனை மாதத்துக்குச் சம்பளம்? சேம நிதி கட்டுகிறார்களா? முழங்கால் தசைநார் அறுந்தால் அறுவை சிகிச்சைக்கு யார் பணம் கட்டுவது, குணமாகும் வரை சம்பளம் உண்டா? கிளப் நடுவில் நின்றால் பாக்கிக்கு யார் பொறுப்பு? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.